செத்த வீட்டு வாசலில் வெறுப்புப் பதாகை: அதற்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டா?

கேள்வி: கிளிநொச்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். அடிப்படை உரிமைகள் பற்றிய பாடத்தில், பேச்சுச் சுதந்திரம் எந்த எல்லைவரை போகக்கூடும் என்று காட்டுவதற்காக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 2 ஆம் திகதி வழங்கிய ஒரு தீர்ப்பை வகுப்பில் விளக்கினேன். 2006 இல் ஈராக்கில் உயிரிழந்த மெத்தியூ ஸ்னைடர் என்ற இளம் படைவீரரின் இறுதிச் சடங்கு மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்தது. கன்சாஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ட்பரோ பப்டிஸ்ட் சபை என்ற சிறிய சபையைச் சேர்ந்த ஏழு பேர் அங்கு வந்து, படைவீரர்கள் சாவதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பதாகைகளை ஏந்தி நின்றார்கள். தன்பாலின உறவை அந்த நாடு பொறுத்துக்கொள்வதனால்தான் கடவுள் அதன் படைவீரர்களைக் கொல்கிறார் என்பது அவர்களுடைய போதனை. அந்தப் போதனைக்கும் இறந்த பிள்ளைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தகப்பன் அல்பேர்ட் ஸ்னைடர் வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் 1 கோடியே 9 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதி அதை 50 இலட்சமாகக் குறைத்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் முழுவதையும் நீக்கியது. இறுதியில் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது.

பின்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய மாமனின் பெயர் பொறித்த கல், போரில் இறந்த புலிப் போராளிகளின் கல்லறைகள் இருந்த கனகபுரம் துயிலுமில்லத்தில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 27 ஆம் திகதி, மாவீரர் நாளில், அவர்களுக்கு விளக்கேற்றுவது வழக்கம். இப்போது அந்தக் கல் இல்லை. "ரீச்சர், கார்த்திகை 27 இல நாங்கள் விளக்குக் கொளுத்தேக்க, ஆரும் றோட்டில நிண்டு உங்கட பிள்ளையள் செத்தது நல்லதெண்டு எழுதிப் பிடிச்சா, அதுவும் உரிமையோ?" என்று கேட்டாள்.

உரிமையில்லை என்று சொல்ல வாய் திறந்தேன், சொல்ல முடியவில்லை. ஏனெனில் போரில் மகனை இழந்த தென்னிலங்கைத் தாய் ஒருத்தி, நாங்கள் விளக்கேற்றுவதே தன் மகனைக் கொன்றவர்களைப் போற்றும் வெறுப்புச் செயல் என்று சொல்லக்கூடும். எங்களுடைய நினைவேந்தலுக்குத் தடை கேட்டவர்கள் சொன்ன நியாயமும் ஏறத்தாழ அதுவே. நான் வகுப்பில் சொல்லும் விடை இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். நேரம் எடுத்து யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பிள்ளையை இருத்தினேன். சட்டம் தெரிந்தவர்களும் இந்த மண்ணின் அனுபவம் உள்ளவர்களும் உங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

ஆசிரியைக்கு வணக்கம். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகின்றவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடும் சில விவரங்களிலிருந்து தொடங்குகிறேன். சபையினர் தேவாலய வாசலில் நிற்கவில்லை. ஏறத்தாழ 1000 அடி தள்ளி, பொலிஸார் காட்டிய பொது நிலத்தில், சடங்கு தொடங்குவதற்கு முன்னரான அரை மணித்தியால அளவில் நின்றார்கள். எவரும் தேவாலய வளவுக்குள் கால் வைக்கவில்லை. ஊர்வலம் கடந்து போகும்போது பதாகைகளின் மேல் விளிம்புகளே தகப்பனின் கண்ணில் பட்டன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் அன்று தொலைக்காட்சிச் செய்தியில்தான் அறிந்தார். பிரதம நீதியரசர் ரொபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த விவரங்களின் மேல்தான் நிற்கிறது: பேசப்பட்டது பொது விடயம், பேசிய இடம் பொது இடம், பேசிய முறை சட்டத்துக்கு உட்பட்டது, ஆகவே கேட்டவருக்கு எவ்வளவு நோவு உண்டானாலும் அந்த நோவைக் காரணமாக வைத்துத் தண்டம் விதிக்க முடியாது. யார் வேண்டுமானாலும் கல்லறை விளிம்பில் வந்து நின்று ஏசலாம் என்று அந்த நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. தூரத்தையும் நேரத்தையும் வரையறுக்கும் சட்டங்களுக்கு இடமிருக்கிறது என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. 2012 இல் அந்த நாட்டின் காங்கிரஸ், படைவீரர்களின் இறுதிச் சடங்குக்கு இரண்டு மணித்தியாலம் முன்னும் பின்னும், 300 அடிக்குள் குழப்பம் விளைவிக்கும் ஆர்ப்பாட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது.

மாறுபட்ட ஒரே நீதிபதி சாமுவேல் அலிட்டோ. தனிப்பட்ட ஒரு குடும்பத்தை அதன் துக்க நாளில் வார்த்தையால் தாக்குவதற்கு நாட்டின் பொது விவாதம் எந்த வகையிலும் உரிமை தருவதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு மிக அருகில் நிற்பது அவருடைய எழுத்துத்தான். வகுப்பில் அதையும் வாசியுங்கள். ஆயினும் நான் பெரும்பான்மையின் பக்கமே நிற்கிறேன். அதற்கான காரணத்தை நான் அமெரிக்காவில் தேடவில்லை. எங்கள் நீதிமன்றங்களில் கண்டிருக்கிறேன்.

எங்களுடைய அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும், அடுத்த பந்தி அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் தருகின்றன. 15 ஆம் உறுப்புரை இன, மத இணக்கத்தின் பெயரால் அவற்றை மட்டுப்படுத்த இடமளிக்கிறது. அதற்கு மேலே, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் வந்த அதைத்தான் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று நாங்கள் சொல்கிறோம். பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவது அதன் 3 ஆம் பிரிவின்படி பத்து ஆண்டுகள்வரை கடூழியச் சிறை பெறத்தக்க குற்றம். நீதவானால் பிணை வழங்க முடியாது. விசேட காரணம் இருந்தால் மேல் நீதிமன்றம் மட்டுமே வழங்கலாம். வாசிக்கும்போது நல்ல சட்டமாகத்தான் தெரிகிறது. அது யாரைப் பிடித்தது என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காகப் பிடித்து நான்கு மாதங்கள் சிறையில் வைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தது. அவருடைய உடையிலிருந்த கப்பற் சுக்கான் சில்லைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று எவரோ சொன்னதே காரணம். 2024 மே மாதத்தில் சம்பூரில், 2009 இல் போரின் இறுதி நாட்களில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த நால்வர் கைதானபோதும் இதே சட்டத்தின் பெயர் சொல்லப்பட்டது. அரிசியும் உப்பும் தேங்காய்ப்பாலும் கலந்த கஞ்சியை ஒரு அரசு வெறுப்புப் பேச்சு என்று கொள்ள முடியுமென்றால், வெறுப்பு எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அதன் கையில் இன்னும் கூட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இதைவிடச் சிறிய கருவிகளும் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆம் பிரிவு, பொதுத் தொல்லையைத் தவிர்ப்பதற்காக நீதவான் உடனடிக் கட்டளை பிறப்பிக்க இடமளிக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் நினைவேந்தலுக்குத் தடை கேட்டுப் பொலிஸார் நீதிமன்றுக்கு வந்ததை இங்கு வாசிக்கும் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே மாணவிக்கு என் விடை: பதாகை பிடிப்பவர் தள்ளி நிற்க வேண்டும், வாசலை மறிக்கவோ விளக்கை அணைக்கவோ எவரையும் மிரட்டவோ கூடாது, ஆனால் அவர் எழுதியிருப்பது என்ன என்பதைப் பார்த்து அவரைத் தடுக்கக் கூடாது. அந்தத் தென்னிலங்கைத் தாய்க்கும் இதே விடைதான்.

மறுமொழி: முல்லைத்தீவிலிருந்து

சட்டத்தரணி ஐயா சொன்ன விவரங்களை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. தூரம் பற்றிய விதி தன்னைத் தானே நடைமுறைப்படுத்திக் கொள்வதில்லை. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் 2019 செப்டெம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கு விகாரை அமைத்திருந்த பிக்குவின் உடலைக் கோயிலடியில் எரிக்கக் கூடாது, வேறிடத்தில் தகனம் செய்ய வேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. பொலிஸார் பார்த்துக்கொண்டு நிற்கையில், பொது பல சேனா என்ற பௌத்த தீவிர அமைப்பின் ஞானசார தேரரும் அவருடன் வந்தவர்களும் கோயில் கேணிக்குப் பக்கத்திலேயே சிதை மூட்டினார்கள். கட்டளையைக் கொண்டுபோன சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். அங்கு ஒரு செத்த வீடே ஆர்ப்பாட்டமாக்கப்பட்டது. அந்த நாளில் 1000 அடி என்று ஒரு சட்டம் இருந்திருந்தாலும் அதைப் பிடித்து அளந்திருக்கப் போவது யார்?

அடுத்தது அளுத்கம. 2014 யூன் 15 ஆம் திகதி அதே பொது பல சேனாவின் கூட்டம் பொது இடத்தில்தான் நடந்தது. பேசியவர்கள் மேடையில்தான் நின்றார்கள். பொலிஸார் பாதுகாப்புக்கு நின்றார்கள். அன்று மாலையே முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. அந்த உரைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1969 இல் பிரண்டன்பேர்க் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் வைத்த அளவுகோல், உடனடியாகச் சட்டமீறல் நடக்கும்படி தூண்டும் பேச்சையே தடுக்கலாம் என்பது. உடனடி என்று நிரூபிக்கும் நேரத்தில் கூரை விழுந்துவிடும். ஆபத்து வந்தால் பொலிஸ் வரும் என்று நம்பக்கூடிய மக்களுக்காகச் செய்யப்பட்ட அளவுகோல் அது. எங்களுக்கு அந்த நம்பிக்கையைத் தந்தது யார்? ஒரு இனத்தையோ மதத்தையோ அழிவுக்குரியது என்று பறைசாற்றும் ஊர்வலத்தை அது புறப்படும் முன்பே தடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் சில பிழையான கைதுகள் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். எரிந்த வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மறுமொழி: மன்னார், முசலிப் பக்கம்

அஸ்ஸலாமு அலைக்கும். முல்லைத்தீவுச் சகோதரர் அளுத்கமையைச் சொன்னார். எங்கள் மக்களின் நோவை நினைவு வைத்திருப்பதற்கு நன்றி. இங்கு இன்னும் எவரும் எழுதாத ஒன்றை நான் எழுதியாக வேண்டும், குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியது விடுதலைப் புலிகள் இயக்கம். வெளியேறும்படி சொன்ன அறிவிப்பு எங்கள் ஊர்களில் ஒலிபெருக்கியில் வந்தது, தமிழிலேயே வந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை; உம்மா பாயைச் சுருட்டியதும், வாப்பா மாட்டை அவிழ்த்துவிட்டதும் கண்ணில் இருக்கிறது. ஆகவே, வெறுப்பைக் காட்டும் பொதுப் பேச்சு என்றவுடன் தென்னிலங்கையின் மேடைகளை மட்டும் நினைப்பவர்களோடு என்னால் முழுமையாக ஒத்துப்போக முடிவதில்லை. கூட்டாக நின்று ஒரு சனத்தைப் போகச் சொல்லும் சொல், வெறும் சொல்லாக நிற்பதில்லை என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

அப்படியிருந்தும், தடுக்கும் அதிகாரத்தைக் கூட்டிக் கொடுப்போம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய தமிழ்க் கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. அந்தக் கவிதைகளைத் தமிழ் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் வாசித்து முடிவு சொல்லியிருக்கலாம். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அவற்றில் இருந்தன. 2021 டிசெம்பர்வரை தடுப்பில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிழையான சில கைதுகள் நடக்கும் என்று சகோதரர் எழுதிய அந்த ஒரு வரிக்குள் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தான்.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை ஆசிரியை வகுப்பில் காட்டலாம் என்று நினைக்கிறேன். வெஸ்ட்பரோ சபையினர் ஏழு பேர். அவர்களை அந்த நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் வெறுத்தார்கள். அவர்களுடைய கையில் பதாகையைத் தவிர வேறு பலம் இருக்கவில்லை. எங்களை வெளியேறச் சொன்ன ஒலிபெருக்கிக்குப் பின்னால் துவக்கு இருந்தது. அளுத்கம மேடைக்குப் பின்னால் பொலிஸின் மௌனம் இருந்தது. சொல்லின் காரத்தைவிட, சொல்கிறவரிடம் அதைச் செய்து முடிக்கும் பலம் இருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

மன்னார்ச் சகோதரர் கடைசியில் சொன்னது சட்டத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற கேள்வி. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012 இல் உருவான ரபாத் செயற்திட்டம், வெறுப்புப் பேச்சைக் குற்றமாகக் கொள்வதற்கு முன் சூழல், பேசியவரின் நிலை, அவருடைய நோக்கம், சொல்லின் உள்ளடக்கமும் வடிவமும், அது போய்ச் சேர்ந்த பரப்பு, தீங்கு நிகழக்கூடிய சாத்தியம் ஆகிய ஆறையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. இந்த ஆறையும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஹசலக்கப் பெண் ஒரு மணித்தியாலம்கூடப் பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்க மாட்டார். அளுத்கம மேடையில் பேசியவர்கள் அன்றிரவே கைதாகியிருப்பார்கள். முல்லைத்தீவு நண்பருக்கு நான் விட்டுக்கொடுப்பது இதுதான்: அளுத்கம உரை எந்த அளவுகோலிலும், பிரண்டன்பேர்க் அளவுகோலில்கூட, பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டிய பேச்சல்ல. அன்று குறைவாக இருந்தது சட்டமல்ல. நீராவியடியிலும் கட்டளை கையில் இருந்தது. புதிய தடைச்சட்டம் ஒன்று வந்தால் அதையும் நடைமுறைப்படுத்தப் போவது அதே பொலிஸ்தான் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மறுமொழி: ஒட்டுசுட்டான்

நான் படித்தவள் அல்ல. மகள் எழுதித் தருகிறாள். காணாமல் ஆக்கப்பட்ட என் மூத்தவனைத் தேடி, அப்படிப் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் முல்லைத்தீவுப் போராட்டப் பந்தலில் 2017 இலிருந்து இருந்து வருகிறேன். ஏசினவர்கள் உண்டு. ஒருமுறை பஸ்ஸிலிருந்து ஒருவன், செத்தவர்களுக்கு ஏன் பந்தல் என்று கத்திக்கொண்டு போனான். அன்று இரவு சாப்பிட முடியவில்லை. ஆனால் மறுநாள் மறந்துவிடலாம் போலிருந்தது. மறக்க முடியாதது, பேசாமல் எதிரே நின்று கைபேசியில் எங்கள் முகங்களைப் படம் பிடிக்கிற ஆட்கள். அவர்கள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர்கள் வந்து போன கிழமையில் இரண்டு தாய்மார் பந்தலுக்கு வரவில்லை, வீட்டில் யாரோ வந்து விசாரித்தார்களாம். கத்துகிறவனைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா என்று கேட்டால், அவன் கத்தட்டும், நானும் என் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். படம் பிடிக்கிறவனை யார் தடுப்பார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

மறுமொழி: கிளிநொச்சி ஆசிரியை

அனைவருக்கும், குறிப்பாக ஒட்டுசுட்டான் அம்மாவுக்கும் அவருடைய மகளுக்கும், என் நன்றி. அம்மா எழுதியதை வகுப்பில் வாசித்தபோது எவரும் பேசவில்லை. பிறகு நெடுநேரம் பேசினோம். வெஸ்ட்பரோ சபையினரை எதிர்கொள்ளப் பொதுமக்கள் என்ன செய்தார்கள் என்றும் சொன்னேன்: 2005 இலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் பலர் கொடிகளோடு வந்து குடும்பத்துக்கும் பதாகைகளுக்கும் நடுவில் வரிசையாக நின்று மறைத்தார்கள், ஏச்சுக் கேட்காதபடி இயந்திரங்களை உறுமவிட்டார்கள். சபையின் நிறுவனருடைய பேத்தி மேகன் பெல்ப்ஸ் ரோப்பர், இணையத்தில் தன்னோடு பொறுமையாக வாதாடியவர்களால் மனம் மாறி 2012 இல் சபையை விட்டு வெளியேறினார் என்பதையும் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவிக்கு இரண்டாவது செய்தி பிடிக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் பொறுமையாக வாதாட ஒருவரிடமும் கேட்க முடியாது என்றாள். அவள் சொன்னது சரியென்றே நினைக்கிறேன்.

பின்னர் மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். 1000 அடி என்றால் எவ்வளவு என்று அறிய, பாடசாலை வாசலிலிருந்து வீதியோரமாக 300 மீற்றரைக் கயிறு பிடித்து அளந்தார்கள். அந்த முனையில் இரண்டு பேர் பெரிய எழுத்தில் எழுதிய மட்டையைப் பிடித்தார்கள். வாசலில் நின்றவர்களால் வாசிக்க முடியவில்லை. ஆனால் அருகிலிருந்த கோயிலின் ஒலிபெருக்கி அதைவிடத் தொலைவிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. மன்னார் ஐயா எழுதியதை வாசித்த பிறகு இது எனக்குச் சிறிய விடயமாகத் தெரியவில்லை. பதாகைக்குப் பொருத்தமான தூரம் ஒலிபெருக்கிக்குப் பொருந்தாது. அதற்குச் சட்டத்தரணி ஐயா என்ன சொல்வீர்கள்?

மறுமொழி: வவுனியா சட்டத்தரணி

நல்ல சோதனை. ஒலியைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1949 இல் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்து வந்த கோவாக்ஸ் வழக்கில், தெருக்களில் பேரிரைச்சலோடு ஒலிபெருக்கி வண்டி ஓட்டுவதைத் தடுத்த விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கேட்க விரும்பாதவன் பதாகையிலிருந்து கண்ணைத் திருப்பலாம், தன் வீட்டுக்குள் வரும் இரைச்சலிலிருந்து தப்ப முடியாது. இங்கும் பொது இடத்தில் ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். ஆகவே விளக்கேற்றும் நேரத்தில், கேட்கும் தொலைவுக்குள் எவருடைய ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று விதி வைப்பதில் பேச்சுச் சுதந்திரத்துக்குக் குறை வராது. அந்த விதியை எழுதும்போது, என்ன பேசப் போகிறீர்கள் என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இருக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தை அன்றைக்கே நீதவான் முன் கேள்விக்கு உட்படுத்த வழி இருக்க வேண்டும். மாணவர்கள் விரும்பினால் 106 ஆம் பிரிவின் தமிழ் வாசகத்தையும், அதன் கீழ் பிறப்பிக்கப்பட்ட கட்டளையின் மாதிரி ஒன்றையும் அனுப்பிவைக்கிறேன். அப்படி ஒரு விதியைத் தாங்களே எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை முதலில் முல்லைத்தீவு நண்பரிடம் காட்டுங்கள்.